வேலூர் எந்தப் பக்கம் வளர்கிறது? நகர விரிவாக்கம் பற்றிய கேள்வி பதில்

நகர் ஊரமைப்புப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வேலூர், காட்பாடி, அவற்றைச் சுற்றியுள்ள ஊர்கள் ஆகியவற்றின் மக்கள்தொகை, விரிவாக்கம், மனைப்பிரிவுகள் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த ஊரில் மனை விலை ஏறும் என்று சொல்வது என் துறை அன்று. அதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுகிறேன்.

காட்பாடியிலிருந்து ஒருவர்: ஐயா, வேலூரின் மக்கள்தொகை என்று தேடினால் ஓரிடத்தில் 1.86 லட்சம் என்றும், இன்னோரிடத்தில் 4.84 லட்சம் என்றும் இருக்கிறது. எது சரி?

இரண்டும் 2011 கணக்கெடுப்பின் எண்கள்தாம், இரண்டும் சரி. முதலாவது, எல்லை விரிவதற்கு முன்பிருந்த பழைய நகரத்துக்கு உரியது. இரண்டாவது, அந்த நகரத்தோடு கட்டடம் கட்டடமாக ஒட்டிக்கொண்டுவிட்ட சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்த கூட்டுநகர்ப் பகுதிக்கு உரியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேலூரின் கதை விளங்கும். பழைய நகரத்தில் 1991-இல் 1.75 லட்சம் பேர் இருந்தார்கள், 2001-இல் 1.77 லட்சம், 2011-இல் 1.86 லட்சம். இருபது ஆண்டுகளில் அது ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. கூட்டுநகர்ப் பகுதியோ 2001-க்கும் 2011-க்கும் இடையில் சுமார் 3.87 லட்சத்திலிருந்து 4.84 லட்சமாகியது. அதாவது பழைய நகரம் பத்தாண்டுகளில் ஐந்து விழுக்காடு கூடியபோது, அதன் வெளிவட்டம் நாற்பது விழுக்காட்டை ஒட்டிக் கூடியிருக்கிறது. கூட்டுநகரின் எல்லை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் சற்றே மாறக்கூடியது என்பதால் இந்த நாற்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போகும் திசையில் ஐயமில்லை.

இதைப் பிள்ளைப்பேற்றின் பெருக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்றுதான் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது. மக்கள்தொகை தன்னளவில் நிலைத்திருக்கவே 2.1 வேண்டும். மூன்றாகப் பிரிவதற்கு முந்தைய வேலூர் மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், அதே பத்தாண்டில் 34.77 லட்சத்திலிருந்து 39.36 லட்சம் என்று பதின்மூன்று விழுக்காடுதான் கூடியது. மாநிலச் சராசரியைவிட அது குறைவு. ஆகவே நாம் கண்ணால் காணும் புதுத் தெருக்களில் பெரும்பகுதி, முன்பு நெருக்கமாக இருந்தவர்கள் அகலமாகப் பரவுவதாலும், குடியாத்தம், அணைக்கட்டு, போளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் வருபவர்கள் வெளிவட்டத்தில் தங்குவதாலும் உண்டானவை.

பரவும் திசையை நிலமே தீர்மானிக்கிறது. வடக்கே பாலாறு, கிழக்கிலும் தெற்கிலும் மலைகள். இடையில் கிடைத்த சந்துகளின் வழியே நகரம் விரல் விரலாக நீண்டிருக்கிறது: நெடுஞ்சாலையோடு கிழக்கே சத்துவாச்சாரி, பெருமுகை, மேற்கே கொணவட்டம், பொய்கை, ஆற்றைத் தாண்டி காட்பாடி, கழிஞ்சூர், சேர்க்காடு, தெற்கே தொரப்பாடி, பாகாயம், அரியூர், அடுக்கம்பாறை. இவற்றில் சில விரல்களின் நுனியில் பெரிய நிறுவனங்கள் இருப்பதைக் கவனியுங்கள். 1984-இல் காட்பாடியில் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று வி.ஐ.டி. பல்கலைக்கழகம், சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி, அரியூரை அடுத்து 2007-இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீபுரம் பொற்கோயில். ஊருக்கு வெளியே நிலம் மலிவு என்று நிறுவனம் போகிறது. அதன் பின்னால் தேநீர்க்கடை, விடுதி, வாடகை வீடு, மனைப்பிரிவு என்று ஊர் போகிறது.

கொசப்பேட்டையிலிருந்து ஒருவர்: 1.86 லட்சம் பேர் உள்ள நகரம் இவ்வளவு நெரிசலாக இருக்க முடியுமா? காந்தி சாலையில் காலை எட்டு மணிக்கு நடக்கவே இடமில்லை.

நல்ல கேள்வி. கணக்கெடுப்பு, ஓரிடத்தில் வழக்கமாக வசிப்பவர்களைத்தான் எண்ணுகிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். ஒரு நோயாளியோடு குடும்பத்தார் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் மாடிப் படிக்கட்டின் அகலம்கூட இல்லாத இடத்தில் விடுதி எழும்பியிருப்பதையும், பெயர்ப்பலகையும் உணவுப் பட்டியலும் வங்காள மொழியில் இருப்பதையும், அறையோடு சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைப்பதையும் நீங்கள் அன்றாடம் பார்ப்பவர். இவர்களில் ஒருவரும் அந்த 1.86 லட்சத்தில் இல்லை. ஆனால் இவர்கள் குடிக்கும் தண்ணீரும், இவர்களால் சேரும் குப்பையும், இவர்கள் ஏறும் ஆட்டோவும் இந்த நகரத்துடையவை. குடியிருப்போர் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் திட்டமிட்டால் வேலூருக்கு எப்போதும் பற்றாக்குறைதான் வரும். 2022-இல் இராணிப்பேட்டை மாவட்டத்தில், நெடுஞ்சாலையோரம், சி.எம்.சி.யின் புதிய வளாகம் திறக்கப்பட்ட பிறகு இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி கிழக்கே நகர்ந்திருக்கிறது. அடுத்த விரல் எங்கே நீளும் என்பதற்கு அதையே கவனித்து வாருங்கள்.

அரியூரிலிருந்து ஒருவர்: பொற்கோயிலுக்கு அருகில் மனை வாங்கலாமா? ஐந்து ஆண்டில் விலை இரட்டிப்பாகுமா?

விலை பற்றி நான் சொல்வதற்கில்லை. வாங்குவதற்கு முன் கிராம வரைபடத்தையும், அந்தப் புல எண்ணின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் பாருங்கள்.

பள்ளிகொண்டாவிலிருந்து ஒருவர்: 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒரு மனைப்பிரிவில் சொல்கிறார்கள். பட்டா இருக்கிறது, வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கிறது. இது போதாதா?

போதாது. இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அல்லது உங்கள் பகுதி உள்ளூர் திட்டக் குழும எல்லைக்குள் இருந்தால் அதன், ஒப்புதல் வேண்டும். விளைநிலங்களைக் கண்டபடி மனைகளாக்குவதை எதிர்த்த வழக்கில் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அதன் பிறகு, அத்தகைய மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு மட்டுமே வழி திறந்தன. உங்கள் மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாகவோ எட்டு மனைகளுக்கு மேற்பட்டதாகவோ இருந்தால் 'ரெரா' எனப்படும் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 'பூங்காவுக்கு விட்டிருக்கிறோம்' என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் தானப் பத்திரத்தின் எண்ணைக் கேளுங்கள்.

இனி, தாள்களில் தெரியாத ஒன்று. வில்லங்கச் சான்று, யார் யாருக்கு விற்றார், அடகு வைத்தார் என்பதைக் காட்டும். தண்ணீர் எந்த வழியாக ஓடியது என்பதைக் காட்டாது. நம் பகுதியில் மலையடிவாரம் முழுவதும் ஓடைகளும், ஏரிக்கு ஏரி இணைக்கும் வரத்துக் கால்வாய்களும் பின்னியிருக்கின்றன. ஆண்டில் பெரும்பாலான நாள்கள் அவை வறண்டு கிடப்பதால் கிராவல் மண்ணைக் கொட்டிச் சமப்படுத்துவது எளிது. ஆகவே புல எண்ணைக் கொண்டு, கிராமத்து நிலங்களின் வகையைக் காட்டும் வருவாய்த்துறை அ-பதிவேட்டில் அருகிலுள்ள எண்களின் வகைப்பாட்டைப் பாருங்கள். 'வாய்க்கால்', 'ஓடை' என்று தனி எண் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு நேரில் போய், மனைப்பிரிவை ஒட்டிய பழைய சாலையில் இருபுறமும் கால் கிலோமீட்டர் நடங்கள். சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம் இருந்து, அதன் ஒரு வாயில் முள்செடி மூடியும் மறு வாயில் புதிதாகக் கொட்டிய செம்மண்ணுமாக இருந்தால், அங்கே தண்ணீருக்குப் பாதை இருந்தது என்று பொருள். சாலை போட்டவர்கள் காரணமின்றிச் சிறுபாலம் கட்டுவதில்லை. 2021 நவம்பர் மழையில் பாலாறு பெருகி, சதுப்பேரி நிரம்பி, கொணவட்டம் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

சேவூரிலிருந்து ஒருவர்: விரைவுச்சாலை வருவதால் காட்பாடிப் பக்கம் விலை ஏறுமா ஐயா?

மேலே அரியூர்க்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

பெருமுகையிலிருந்து ஒருவர்: நகரை ஒட்டிய ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்ப்பது சரியா? வரி கூடும், ஊரக வேலைத் திட்டம் போய்விடும், கிராம சபையும் இருக்காது.

நீங்கள் சொல்லும் இழப்புகள் மூன்றும் உண்மையானவை. ஆனாலும் நான் இணைப்பின் பக்கம் நிற்கிறேன். வேலூர் 2008-இல் மாநகராட்சியானது. 2011-இல் சத்துவாச்சாரி, காட்பாடி, தாராபடவேடு, தொரப்பாடி முதலியவை சேர்ந்து ஏறத்தாழ 88 சதுர கிலோமீட்டரானது. பெருங்கேடு நடப்பது இணைப்புக்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான். ஒரே ஒரு செயலரும் சில தூய்மைக் காவலர்களும் உள்ள ஊராட்சி, நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட மனைப்பிரிவுகளின் கழிவுநீருக்கும் குப்பைக்கும் எப்படி ஈடுகொடுக்கும்? பதினாறடிப் பாதையின் இருபுறமும் மாடி எழும்பிவிட்டால் பிறகு யார் வந்தாலும் பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்ட இடமிருக்காது.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்: நான் இப்படி இணைக்கப்பட்ட ஒரு பகுதியில் வசிக்கிறேன். வரி முதல் ஆண்டிலேயே வந்தது. சாக்கடை இன்னும் வரவில்லை. நீங்கள் அலுவலகத்தின் பார்வையில் பேசுகிறீர்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. வசதி வரும் வேகத்துக்கு ஏற்ப வரியைப் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் சேராமல் இருந்திருந்தால் சாக்கடை வந்திருக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொரப்பாடியிலிருந்து ஒருவர்: குடிநீர், தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாம் சேர்ந்த பிறகுதான் ஒழுங்கானது. வரி கட்டாமல் வசதி கேட்பது எப்படி?

பெருமுகையிலிருந்து முன்பு கேட்டவர்: கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் எங்கள் ஊரில் பாதிக்கு மேல். அவர்களுக்கு அந்த வேலைநாள்கள் போனால் மாற்று என்ன? மாடி வீட்டுக்காரருக்குக் குப்பை வண்டி வருவதற்காக அவர்கள் ஏன் இழக்க வேண்டும்?

இந்த விவாதத்தில் இதுவரை வந்தவற்றில் மிக வலுவான வாதம் இதுதான். இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. நகரத்தின் விளிம்பில் ஒரே தெருவில் நெற்களமும் அடுக்குமாடியும் இருக்கும்போது, 'ஊரகம்', 'நகரம்' என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு நம் சட்டங்கள் அந்தத் தெருவை எங்கே போடுவது என்று தடுமாறுகின்றன. கணக்கெடுப்புத் துறையாவது, ஐயாயிரம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் தொழிலாளரில் முக்கால்வாசிப் பேர் உழவு சாராத வேலையில், என்ற மூன்று அளவுகோல்களை எட்டிய ஊரை, அது ஊராட்சியாகவே இருந்தாலும், நகரம் என்று எண்ணுகிறது. ஆட்சி முறையில் இடைநிலையாகப் பேரூராட்சி உண்டு என்றாலும், அதுவும் நகரம் என்ற பெட்டியில்தான் விழுகிறது. கிராம சபையைப் பொறுத்தவரை, 2022 முதல் நகர்ப்புற வார்டுகளிலும் பகுதி சபை கூட்டும் முறை வந்திருக்கிறது. போய் உட்கார்ந்து கேள்வி கேட்டால்தான் அதற்கு உயிர் வரும். இணைப்பு நடக்கும் வரை காத்திராமல், இன்றே உங்கள் ஊராட்சியில் முப்பதடிக்குக் குறையாத சாலையும் கால்வாய்க்கு விட்ட இடமும் இல்லாத மனைப்பிரிவுக்குக் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போடுங்கள். சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அந்த இடம் உங்களுக்கு மிஞ்சும்.

இலத்தேரியிலிருந்து ஒருவர்: எங்கள் பாட்டனார் பெயரில் உள்ள பட்டாவை மாற்றுவது எப்படி?

வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தகராறு இருந்தால் வட்டாட்சியரை அணுகுங்கள்.

கணியம்பாடியிலிருந்து ஒருவர்: பாலாற்றோரம் மனை வாங்கினால் எதிர்காலத்தில் நல்ல விலை போகுமா?

விலைக் கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன். பாலாறு பல ஆண்டு வறண்டு கிடப்பதைப் பார்த்து அதை மைதானம் என்று நினைத்துவிடாதீர்கள். புலப்படத்தைப் பாருங்கள், சிறுபாலத்தைத் தேடுங்கள்.

காட்பாடியிலிருந்து ஒரு மாணவி: இவ்வளவு விரிந்த நகரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெருமளவு வெளியூரிலிருந்து வருகிறது, அம்மா. முன்பு பாலாற்று மணலுக்கு அடியில் ஊறிய நீரும் ஓட்டேரி போன்ற ஏரிகளுமே இந்த நகரத்துக்குப் போதுமாக இருந்தன. நந்திமலைப் பக்கம் பிறக்கும் ஆறு கர்நாடகம், ஆந்திரம் கடந்து வரும் வழியிலேயே தேக்கப்படுகிறது. 1892-இல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தம் வரை அந்த ஆற்றுநீர்த் தகராறு நீளும். இங்கே மணலை அள்ளியதில் ஊற்றும் போனது. வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. அதற்காக 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. இன்று மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாய் வழியே வேலூருக்கு வருகிறது. குழாய் எட்டாத வெளிவட்டத்தில் ஒவ்வொரு வீடும் ஆழ்துளைக் கிணறு போடுகிறது. ஏரிகளை மூடி மனையாக்கி, அந்த மனைகளுக்கு ஆயிரம் அடி ஆழத்தில் தண்ணீர் தேடுவதைத்தான் நாம் வளர்ச்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்கள் தலைமுறையில் யாராவது கழிஞ்சூர் ஏரியின் வரத்துக் கால்வாயை அதன் தொடக்கம் வரை நடந்து வரைபடமாக்கினால், அது இந்த நகரத்துக்குப் பெரிய உதவி.

சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர்: புதிய மக்கள்தொகை எண்கள் எப்போது வரும்?

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்ற நாள் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீடுதோறும் வருபவரிடம் வாடகைக்குக் குடியிருப்போரையும் விடாமல் சொல்லுங்கள். வெளிவட்டத்தில் அவர்கள்தாம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள்.