பூனைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு ஆண் பூனைக்கு மூன்று வயது. போன மாதம் இரண்டு நாள் எதையும் தின்னாமல் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. தொட்டால் சுட்டது. தெர்மாமீட்டரில் 101.8 காட்டியது. மகனுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் சிரப்பில் ஒரு ஸ்பூன் ஊற்றப் போனேன். வாயைத் திறக்கவே விடவில்லை. மூன்றாம் நாள் தானாக எழுந்து மீன் தின்றது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் பையைக் கிழித்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது. சின்னச் சின்ன உபாதைகளுக்கு வீட்டிலேயே என்னென்ன மருந்து வாங்கி வைக்கலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வாயைத் திறக்காத அந்தப் பூனைக்கு இன்று ஒரு துண்டு மீன் கூடுதலாகப் போடுங்கள் அம்மா. அந்தப் பிடிவாதம்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

பூனையின் உடம்பு நம்மைவிடச் சூடு. 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதற்குச் சாதாரணம். நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். தெர்மாமீட்டரை எங்கே வைத்தீர்கள் என்று எழுதவில்லை. ஆசனவாயில் வைத்துப் பார்த்தது 101.8 என்றால் அது காய்ச்சலே இல்லை. அக்குளில் வைத்தீர்கள் என்றால் குறைத்துக் காட்டியிருக்கும். அந்தக் கணக்கை நம்ப முடியாது.

இப்போது அந்த ஒரு ஸ்பூனுக்கு வருவோம். பாரசிட்டமாலை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கும் நொதி பூனைக்குப் போதிய அளவு கிடையாது. உடையாத மருந்து நஞ்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் சிரப் என்றால், மூன்றரைக் கிலோ பூனைக்கு ஒரு ஸ்பூன் என்பது கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல். உயிர் போகக்கூடிய அளவு அது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் 'அரை மாத்திரைதான் சார் கொடுத்தேன்' என்று பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகமும் பாதங்களும் வீங்கி, ஈறு சாக்லேட் நிறத்துக்கு மாறியிருந்தது. முந்தின நாள் இரவு கொடுத்திருக்கிறார். நேரம் தாண்டிவிட்டது. உடனே வந்தால் அசிட்டைல்சிஸ்டீன் என்ற நஞ்சு முறிவு மருந்து கொடுத்துப் பார்க்க வழி உண்டு. அதனால் யார் வீட்டிலாவது தெரியாமல் கொடுத்துவிட்டால், திட்டு விழுமே என்று மறைக்காமல் மருந்து அட்டையோடு ஓடி வரச் சொல்லுங்கள்.

தலைவலித் தைலம் தடவுவதும் வேண்டாம். பூனை உடம்பில் பட்டதெல்லாம் நாக்கு வழியாக வயிற்றுக்குப் போய்விடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் சொட்டுவிடுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பே வரும்.

ஆக, நீங்கள் கேட்ட மருந்துப் பட்டியலில் என்னால் ஒரு பெயரும் எழுத முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது காய்ச்சல் இல்லை, அந்த இரண்டு நாள் பட்டினி. நாய் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தால் பொறுத்துப் பார்க்கலாம். பூனை அப்படியில்லை. தொடர்ந்து சில நாள் பட்டினி கிடந்தால், அதுவும் கொஞ்சம் கொழுகொழு பூனை என்றால், உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ப் படிந்து அதுவே தனி நோயாகிவிடும். ஒரு முழு நாள் தின்னவில்லை என்றாலே கிளம்பிவிடுங்கள். உங்களுடையது ஆண் பூனை வேறு. மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

சரி, எப்படித் தூக்கிப் போவது? பிக் ஷாப்பர் பைதான் உங்கள் பிரச்சினை என்று நினைக்கிறேன். ஜிப்பை இழுத்ததும் இருட்டு, அப்புறம் ஸ்கூட்டர் சத்தம், கதவைத் திறந்தால் ஊசி. எந்தப் பூனைதான் சும்மா இருக்கும்? மூடி போட்ட, காற்று போகிற பிளாஸ்டிக் கூடை ஒன்று வாங்கி, மூடியைத் திறந்தே கூடத்து மூலையில் வைத்துவிடுங்கள். உள்ளே உங்கள் பழைய புடவைத் துண்டு. ஒரு வாரம் அதற்குள்ளேயே சோறு வையுங்கள். பெரும்பாலான பூனைகள் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். போகும்போது மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் காலையில் சினை ஊசிக்கு மாடும், பூச்சி மருந்துக்கு ஆடுமாக நிற்கும். கூட்டம் எப்போது குறையும் என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு போங்கள். காத்திருக்கும்போது கூடையைத் தரையில் வைக்காதீர்கள். பக்கத்து நாயின் மூக்கு அங்கேதான் வரும்.

பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை போதும். அது நடந்துகொள்ளும் விதம் வித்தியாசமாகப் பட்டால் ஃபோனில் வீடியோ எடுங்கள். டாக்டர் முன்னால் அது நல்ல பிள்ளையாகிவிடும்.

வெறிநோய்த் தடுப்பூசி போட்டீர்களா என்று எழுதவில்லை. பூனைக்கும் அது வேண்டும். பிடிக்கும்போது கடித்தாலோ பிராண்டினாலோ, வீட்டுப் பூனைதானே என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நீங்கள் உங்கள் டாக்டரிடம் போங்கள்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று தனியாக வாங்கி, 'பூனை' என்று எழுதி ஒட்டுங்கள். வைக்கும் இடம் எதுவென்று சொல்லியிருக்கிறேன். உங்கள் மகனுடையதோடு மாறிவிடப் போகிறது.