அரசாங்கத்தின் மேல் கேஸ் போட்டால் லாயர் ஃபீஸ் திரும்ப வருமா?

கேள்வி: அண்ணா, நான் எச்1பி விசாவில் அமெரிக்கா வந்து பத்து மாதம் ஆகிறது. மனைவி பல வருடங்களாக இங்கே கிரீன் கார்டில் இருக்கிறார். அவருடைய குடியுரிமை நேர்காணல் முடிந்து ஏழு மாதம் ஆகியும் முடிவு சொல்லவில்லை. ஃபெடரல் கோர்ட்டில் கேஸ் போடலாம், மொத்தமாக 5,000 டாலர் என்கிறார் ஒரு லாயர். ஜெயித்தால் அந்தப் பணத்தை அரசாங்கமே கொடுத்துவிடும் என்று ஆபீஸ் நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: தம்பி, உங்கள் நண்பர் கதை விடவில்லை, அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஆனாலும் அந்த 5,000 போனது போனதுதான் என்று கணக்கெழுதிவிட்டு கேஸ் போடுங்கள். இந்த மாதிரி கேஸில் நீங்கள் கேட்டது பெரும்பாலும் கிடைத்துவிடும். அது கிடைக்கிற விதத்தில்தான் ஃபீஸ் கைநழுவும்.

நம்ம ஊரில் 'செலவுத் தொகையுடன் தீர்ப்பு' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே ஜெயித்தவரும் தோற்றவரும் அவரவர் லாயருக்கு அவரவரே கொடுக்க வேண்டும். தனியாக ஒரு சட்டம் இடம் கொடுத்தால்தான் எதிர்த்தரப்பிடம் கேட்க முடியும். ஃபெடரல் அரசு சம்பந்தப்பட்ட கேஸுக்கு அந்த இடத்தைக் கொடுப்பது ஈக்வல் ஆக்சஸ் டு ஜஸ்டிஸ் ஆக்ட். லாயர்கள் சுருக்கமாக 'ஈஜா' என்பார்கள். 1980-ல் இயற்றப்பட்டு, 1985-ல் நிரந்தரமாக்கப்பட்டது.

அதில் கேட்க, முதலில் நீங்கள் 'ஜெயித்த தரப்பு' ஆக வேண்டும். முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். 2001-ல் பக்ஹானன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கேஸ் போட்ட சூட்டில் எதிர்த்தரப்பு தானாகவே இறங்கி வந்தால் அது ஜெயித்ததாகாது. இரு தரப்பின் சட்ட உறவு கோர்ட்டின் முத்திரையோடு மாறியிருக்க வேண்டும். அது வேறு சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்றாலும், ஈஜா வழக்குகளுக்கும் கோர்ட்டுகள் அதையே பிடித்துக்கொண்டன.

தேங்கிக் கிடக்கும் விண்ணப்பத்தை நகர்த்தப் போடும் சாதாரண மேண்டமஸ் கேஸை, அதாவது 'உன் கடமையைச் செய்' என்று அதிகாரிக்கு உத்தரவிடக் கோரும் கேஸை, எடுத்துக்கொள்ளுங்கள். அரசு லாயர் அலுவலகத்துக்குக் கேஸ் நகல் போய்ச் சேர்ந்ததும் பதில் போட 60 நாள் அவகாசம். அதற்குள் குடியுரிமை, குடியேற்ற விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஃபெடரல் ஏஜென்சியான யுஎஸ்சிஐஎஸ் ஃபைலைத் தூசி தட்டி ஒரு முடிவைக் கொடுத்துவிடும். 'இனி கேஸுக்கு வேலை இல்லை' என்று அரசு லாயர் ஒரு மெயில் அனுப்புவார், உங்கள் லாயர் கேஸை வாபஸ் வாங்குவார். நீதிபதி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். வேலை முடிந்தது, ஃபீஸ் கேட்க வழியும் முடிந்தது.

உங்கள் மனைவியின் கேஸ் அதைவிடக் கொஞ்சம் மேல். நேர்காணல் முடிந்து 120 நாளில் முடிவு வராவிட்டால் மாவட்ட ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம் என்று குடியேற்றச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. லாயர்கள் அதை 1447(பி) என்பார்கள். கோர்ட்டே முடிவெடுக்கலாம், அல்லது தகுந்த உத்தரவோடு யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு ரிமாண்ட் செய்யலாம். ரிமாண்ட் என்றதும் புழல் சிறை ஞாபகத்துக்கு வர வேண்டாம், இங்கே ஃபைலைத் திருப்பி அனுப்புவதற்குப் பெயர் அது. கேஸ் கோர்ட்டில் இருக்கும்வரை யுஎஸ்சிஐஎஸ் தன்னிச்சையாக முடிவெடுக்க முடியாது என்று பல சர்க்கியூட்டுகள், அதாவது வட்டார ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், சொல்லியிருக்கின்றன. ஆகவே அவர்கள் கொடுக்க நினைத்தாலும் நடுவில் கோர்ட் உத்தரவு ஒன்று வேண்டும்.

அந்த உத்தரவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் காசு இருக்கிறது. 2009-ல் பாஸ்டனில் உள்ள முதல் சர்க்கியூட், முழு அமர்வாக உட்கார்ந்து, இரு தரப்பும் சேர்ந்து கேட்டதால் கொடுத்த வெறும் ரிமாண்ட் உத்தரவு ஜெயிப்பு ஆகாது என்று ஃபீஸை மறுத்தது. அதே வருடம் டென்வரில் உள்ள பத்தாவது சர்க்கியூட், குடியுரிமை கொடுக்கும்படி கோர்ட்டே உத்தரவிட்டிருந்த ஒரு கேஸில் ஃபீஸ் சரி என்றது. ஒரே மாதிரி தாமதம், ஒரே மாதிரி முடிவு, வித்தியாசம் உத்தரவின் வாசகத்தில். எனவே உங்கள் லாயர் தயாரிக்கும் ரிமாண்ட் வரைவில் 'பரிசீலிக்க' என்று மட்டும் இருக்கிறதா, 'இந்தத் தேதிக்குள் முடிக்க' என்று ஆணை இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வரியையும் தேடிப் பாருங்கள்: 'இரு தரப்பும் அவரவர் செலவையும் ஃபீஸையும் ஏற்கும்.' அரசு லாயர் அனுப்பும் ஒப்பந்த வரைவில் இது வழக்கமாகவே உட்கார்ந்திருக்கும். கையெழுத்துப் போட்டால் ஃபீஸ் பேச்சே எடுக்க முடியாது. அதற்காக முரண்டு பிடிக்கச் சொல்லவில்லை. 'ரிமாண்டுக்குச் சம்மதிக்கிறோம், ஃபீஸைக் கேட்காதே' என்று அரசு பேரம் பேசினால், மனைவியின் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் சீக்கிரம் நடப்பது உங்களுக்குப் பெரிதா, 5,000 டாலர் பெரிதா என்பது வீட்டில் பேசி எடுக்க வேண்டிய முடிவு. என்னைக் கேட்டால் முதலாவதுதான். தெரியாமல் விட்டுக்கொடுப்பதுதான் தப்பு.

ஜெயித்த தரப்பு ஆனாலும், அரசின் நிலைப்பாட்டுக்குப் 'போதிய நியாயம்' இருந்தது என்று காட்டினால் ஃபீஸ் கிடையாது. இதை நிரூபிக்கும் சுமை அரசின் தலையில். நியாயமான ஒருவர் ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சட்டத்திலும் உண்மைகளிலும் அடிப்படை இருந்தால் போதும் என்பது 1988-ல் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல். பின்னணிச் சரிபார்ப்பு முடியவில்லை என்பார்கள். ஆனால் எஃப்பிஐ சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் நேர்காணலுக்கே அழைக்க வேண்டும் என்று அவர்களுடைய விதியே சொல்கிறது. முடிவதற்கு முன்பே கூப்பிட்டுவிட்டு, பிறகு அதையே சாக்காகச் சொல்வது செல்லாது என்று உங்கள் லாயர் வாதிடலாம். சாதாரண மேண்டமஸில் இப்படி நாள் எண்ணிச் சொல்லும் சட்டம் கையில் இருக்காது. 'இவ்வளவு தாமதம் நியாயம்தானா' என்ற இழுபறியிலேயே அரசு தப்பித்துவிடும்.

சொத்து வரம்பும் உண்டு. கேஸ் போடும் நாளில் தனிநபரின் நிகரச் சொத்து 20 லட்சம் டாலரைத் தாண்டக்கூடாது. கடனைக் கழித்த மீதிதான் கணக்கு. சான்பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் பழைய வீடு, 401கே ஓய்வூதியச் சேமிப்பு, ஊரில் நிலம் எல்லாம் வைத்திருப்பவர்கள் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு கிடைக்கும்? சட்டத்தில் எழுதியிருப்பது மணிக்கு 125 டாலர், 1996-ல் வைத்த உச்சவரம்பு. விலைவாசி உயர்வைச் சேர்த்துக் கேட்டால் இப்போது சுமார் 250 வரை கோர்ட்டுகள் கொடுக்கின்றன. ஒன்பதாவது சர்க்கியூட் வருடவாரியான தொகையைத் தன் இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. லாயர் 16 மணி நேரம் உழைத்திருந்தால் 4,000 டாலர். அவருடைய சந்தை விலை மணிக்கு 450 என்றாலும் அவ்வளவுதான். ஃபீஸ் மனுவைத் தயாரிக்கச் செலவிட்ட நேரத்தையும் சேர்த்துக் கேட்கலாம். கோர்ட் கட்டணமான 405 டாலர் இதில் சேராது, அது 'செலவு' என்று தனியாகக் கேட்க வேண்டியது.

உங்கள் லாயர் சொன்னது மொத்தத் தொகை என்பதால் ஒரு எச்சரிக்கை. மொத்தமாக வாங்குகிறவர்கள் பலர் மணிக்கணக்கு எழுதி வைப்பதில்லை. ஈஜா மனுவுக்கு எந்தத் தேதியில், என்ன வேலைக்கு, எத்தனை மணி என்ற பட்டியல் கட்டாயம். கேஸ் முடிந்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதும் பட்டியலை அரசு லாயர் கிழித்துத் தோரணம் கட்டுவார். ஆகவே முதல் நாளிலிருந்தே நேரம் குறிக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஈஜா மனு போடுவது அந்த 5,000-க்குள் அடக்கமா, பணம் வந்தால் யாருக்கு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். லாயரே வேண்டாம், நாமே கேஸ் போட்டுவிடலாம் என்று தோன்றினால், உங்கள் உழைப்புக்கு ஈஜாவில் காசு இல்லை. ஜெயித்தால் கோர்ட் கட்டணம் போன்ற செலவுகளைத்தான் கேட்கலாம்.

ஃபீஸ் மனு போட 30 நாள்தான். இறுதித் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்யும் காலம் முடிந்த பிறகு இந்த 30 நாள் தொடங்கும். ஃபெடரல் அரசு ஒரு தரப்பாக இருக்கும் கேஸில் மேல்முறையீட்டுக்கு 60 நாள் என்பதால் மொத்தம் 90 நாள் இருக்கிறதே என்று சிலர் சாவகாசமாக இருப்பார்கள். சம்மதத்தில் வந்த உத்தரவுக்கு அந்த 60 நாளை நம்பாதீர்கள். உத்தரவு வந்த 30 நாளுக்குள் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. ஜெயித்த தரப்பு என்பது, சொத்துப் பிரமாணம், மணிக்கணக்குப் பட்டியல், கேட்கும் தொகை, 'அரசின் நிலைப்பாட்டில் போதிய நியாயம் இல்லை' என்ற வாக்கியம், இவ்வளவும் மனுவில் இருக்க வேண்டும். கடைசி வாக்கியத்தை மறந்துவிட்டால் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் இரக்கம் காட்டியிருக்கிறது. அதை நம்பி மறக்க வேண்டாம்.

பணம் வந்தால் சட்டப்படி அது உங்கள் மனைவியுடையது, லாயருடையது அல்ல. 2010-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதனால் வருமானவரி பாக்கி போன்ற ஃபெடரல் கடன் அவர் பெயரில் இருந்தால் அரசு முதலில் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்கும். கொடுப்பது தோற்ற ஏஜென்சியின் சொந்த நிதியிலிருந்து. யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குப் பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணம்தான் வருமானம், அதனால் நீங்களும் நானும் கட்டிய பணம்தான் சுற்றி வரும்.