பிளாக் சபாத் முதல் ஆல்பத்தின் கிடார் ஒலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தில் வரும் அந்த இருண்ட கிடார் ஒலியை வீட்டில் கொண்டுவர முயல்கிறேன். மெல்லிய ‘ஒன்பது’ செட் தந்திகளையே சி ஷார்ப்புக்கு இறக்கி, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலில் கெய்னை முழுவதும் ஏற்றியிருக்கிறேன். ஒலி குழம்புகிறது, ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி) தெளிவாகக் கேட்பதில்லை. எங்கே தவறு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் கிடாரைப் பழையபடி ‘ஈ’க்கு ஏற்றுங்கள். குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமி சி ஷார்ப்புக்கு இறங்கியது 1971இல், மூன்றாவது ஆல்பத்தில்தான். 1970 பிப்ரவரியில் வெளியான முதல் ஆல்பம் வழக்கமான டியூனிங். மெல்லிய தந்தியை அவ்வளவு தளர்த்தினால், ஓங்கி மீட்டும்போது சுருதி மேலேறி அலையும். உங்கள் குழப்பத்தில் பாதி அது.

தந்தி மெல்லியதாகவே இருக்கட்டும். இடதுகைக்காரரான அயோமி தந்தியை அழுத்துவது வலது கையால். அந்தக் கையில் இரண்டு விரல்களின் நுனி தொழிற்சாலை விபத்தில் போனது. பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த உறைகளை மாட்டிக்கொண்டு, மெல்லிய பாஞ்சோ தந்திகள் கட்டி வாசித்தவர் அவர்.

மீதிப் பாதி கெய்ன். அவருடைய லேனி ஆம்ப்புக்கு முன்னால் இருந்தது ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர், ஒற்றை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட சின்னப் பெட்டி. அது ஒலியின் கீழ்ப்பகுதியைக் குறைத்து மேல்பகுதியைத் தூக்கி அனுப்பும். அதனால் ஆம்ப்பின் வால்வுகள் எவ்வளவு திணறினாலும் ஒலி கலங்காது. டிஸ்டார்ஷன் பெடலைக் கழற்றிவிட்டு ஒரு ட்ரெபிள் பூஸ்டர் வையுங்கள். ஆம்ப்பில் கெய்ன் பாதி, பாஸ் 3 போதும். ஆல்பத்தின் பெரும்பகுதி பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட கிப்சன் எஸ்ஜியில் வாசித்தது. உங்களிடம் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் பிக்கப் என்றால் கிடார் வால்யூமை 7க்கு இறக்கிப் பாருங்கள்.

தலைப்புப் பாடலின் ரிஃப்பை இப்படி வாசிக்கலாம்: ஆறாவது தந்தியில் 3ஆம் ஃப்ரெட், நான்காவதில் 5, ஐந்தாவதில் 4. ஜி, மேல் ஜி, சி ஷார்ப். ஜி சட்ஜமென்றால் கடைசியில் வருவது பிரதி மத்யமம். கல்யாணியில் அவ்வளவு இனிக்கும் ஸ்வரம், இங்கே அதில் போய் நிற்பதால் அச்சம் தருகிறது. அதை ட்ரில்லோடு (பக்கத்து ஸ்வரத்தோடு வேகமாக மாற்றி மாற்றி) நீட்டுங்கள். வேகத்தைக் கூட்டினால் எல்லாம் போச்சு.

இத்தனை செய்தும் தனியாக வாசிக்கும்போது ஒலி மெலிந்துதான் கேட்கும். அந்த ஆல்பத்தின் கனத்தில் பெரும்பங்கு கீஸர் பட்லரின் பாஸ் கிடார். 1969 அக்டோபரில் ஒரே நாளில், நால்வரும் சேர்ந்து வாசித்துப் பதிந்த ஒலி அது. கிடார் ரிஃப்போடு பாஸும் ஒட்டியே நடக்கிறது. ஒரு பாஸ் கலைஞரைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அதே ரிஃப்பை பாஸில் முதலில் பதிந்துகொண்டு, அதன் மேல் கிடாரை வாசியுங்கள்.