பக்க வேர் எங்கே முளைக்க வேண்டும் என்று செடி எப்படித் தீர்மானிக்கிறது?

கிளைமொட்டு தண்டின் மேற்பரப்பில் தோன்றும். பக்க வேரோ வேருக்கு உள்ளே, பெரிசைக்கிள் என்ற அடுக்கில் பிறக்கிறது. தொடக்கிவைப்பது ஆக்சின் என்ற தாவர ஹார்மோன். கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸில் இது தெளிவாகத் தெரியும். நீரைக் கடத்தும் சைலத்தை ஒட்டிய சில பெரிசைக்கிள் செல்களில் ஆக்சின் சேர்ந்ததும் ஐஏஏ14 என்ற தடுப்புப் புரதம் சிதைகிறது; அதன் பிடியிலிருந்த ஏஆர்எஃப்7, ஏஆர்எஃப்19 என்ற புரதங்கள் விடுபட்டு, செல்கள் பிரிந்து பெருகத் தேவையான மரபணுக்களை முடுக்குகின்றன. ஐஏஏ14 சிதையாத சடுதிமாற்றச் செடியில் பக்க வேரே கிடையாது, முதன்மை வேர் மொட்டையாக நீளும்.

எனக்கு வியப்பு அடுத்த கட்டம்தான். புது வேர் வெளியே வர வழி வேண்டுமே! மேலே மூடியிருக்கும் அகத்தோல் செல்களைச் சுருங்கவைத்து இடம் விடச் செய்வதும் அதே ஆக்சின்தான்.

சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் எதிர்க்கட்சி: வேர்கள் நெருக்கியடித்து முளைக்காமல் தடுக்கிறது. நர்சரியில் குச்சி நடும்போது தொட்டுவைக்கும் வேரூக்கிப் பொடியிலும் பெரும்பாலும் ஐபிஏ என்ற ஆக்சின்தான் இருக்கும்.