வாசகர் கேள்வி – பதில்: சீனக் கல்லறைச் செங்கற்கள், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் கைவேலை

கேள்வி: கலை வரலாற்று நூலொன்றில் பழஞ்சீனக் கல்லறைச் செங்கற்களின் படங்களைப் பார்த்தேன். லோயாங் வட்டாரத்துக் கல்லில் ஒரே உருவம் பலமுறை வருகிறது. சிச்சுவான் கல்லில் உப்புக் காய்ச்சும் களம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நான்ஜிங்கிலோ ஒரே மனிதரின் உருவம் பல கற்களின் மேல் பரந்திருக்கிறது. அந்தந்த ஊர்க் கலைஞர்களின் இரசனைதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரசனைக்கும் பங்கு உண்டு. ஆனால் படம் எந்தக் கருவியால், எந்த நிலையில் கல்லில் ஏறுகிறது, அந்தக் கல் சுவரில் எங்கே அமர்கிறது என்பவைதான் பெரும்பகுதியைத் தீர்மானித்தன என்பது என் கருத்து. நீங்கள் குறிப்பிடும் மூன்றும் ஒரே காலத்தவை அல்ல என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். லோயாங் கற்கள் பெரும்பாலும் முன்னை ஹான் அரச மரபின் (கி.மு. 206 – கி.பி. 9) காலத்தவை. சிச்சுவான் கற்கள் கி.பி. 25 முதல் 220 வரை ஆண்ட பின்னை ஹான் காலத்தவை. நான்ஜிங்கின் கற்கள் அதற்கும் ஓரிரு நூற்றாண்டுகள் பிற்பட்டவை.

ஹெனான் பகுதியில், லோயாங், செங்சோ ஆகிய ஊர்களைச் சுற்றி, மரப்பலகைகளால் அடைத்த பழைய சவ அறைக்குப் பதிலாகச் சுட்ட களிமண் பலகைகளால் அறை கட்டும் வழக்கம், ஹான் ஆட்சிக்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தக் கற்களைக் கட்டியாக வார்த்தால் உள்ளே வேகாமல் வெளியே வெடித்துவிடும் என்பதால், அவற்றை உட்புறம் கூடாக வைத்தே செய்தார்கள். அத்தனை பெரிய ஈரப் பரப்பை நிரப்ப அவர்கள் கையாண்ட வழி, சேலையில் அச்சுக்கட்டையால் பூப் பதிப்பதைப் போன்றது: குதிரை, வீரன், மரம், பறவை என்று தனித்தனியாகச் செதுக்கிய சிறு அச்சுகளை எடுத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய முறை அழுத்தினார்கள். நீங்கள் பார்த்த உருவம் மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே காரணம். அச்சு ஒன்றுதான் என்றாலும், அதை எங்கே, எந்த வரிசையில் பதிப்பது என்பது வேலை செய்பவரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. இந்த வகைக் கற்களின் பெரிய தொகுப்பு ஒன்று, கனடாவிலிருந்து ஹெனானுக்குச் சென்ற ஆயர் வில்லியம் சார்லஸ் வைட் திரட்டியது, இப்போது டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிச்சுவானில் முறை வேறு. செங்டு சமவெளியில் கிடைக்கும் கற்கள் ஏறத்தாழ 40 செ.மீ. உயரமும் அதைவிடச் சற்றுக் கூடுதல் அகலமும் கொண்ட பலகைகள். அவற்றில் படம் முழுவதும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. ஆகவே அச்சைச் செதுக்கியவர் ஒரு காட்சியை முழுமையாகவே சிந்திக்க வேண்டியிருந்தது. நீங்கள் சொல்லும் உப்புக் கல்லில், பல அடுக்கு மரச்சாரத்தின் மீது நின்று ஆட்கள் கப்பியால் உவர்நீரை இறைக்கிறார்கள்; நீர் குழாய் வழியே நீண்ட அடுப்பின் மேல் வரிசையாக இருக்கும் கொப்பரைகளுக்குப் போகிறது; பின்னணியில் மலையும், அதில் வேட்டையாடுவோரும் தெரிகிறார்கள். இத்தனையும் அரை மீட்டருக்கும் குறைவான பரப்புக்குள். தாயி மாவட்டத்தில் 1972-இல் கிடைத்த இன்னொரு கல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: மேலே குளக்கரையில் கயிறு கட்டிய அம்புகளால் பறவைகளை வீழ்த்துபவர்கள், கீழே கதிர் அறுப்பவர்கள். சந்தை, மது வடித்தல், நடனம், முற்றத்துடன் கூடிய வீடு, வாயில் கோபுரங்கள், தேர் ஊர்வலம், மேற்குத் திசையில் வீற்றிருக்கும் அன்னைத் தெய்வமான ஷிவாங்மூ என்று இந்தப் பட்டியல் நீளும். ஒரே அச்சில் வார்த்த கற்கள் வெவ்வேறு கல்லறைகளில் கிடைப்பதால், இவை இறந்தவரின் சொந்த வாழ்க்கைப் படங்கள் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. உப்புக் கல் பதித்த கல்லறையில் படுத்திருப்பவர் உப்பு வணிகராகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதுபவர்கள், பட்டறைகள் அச்சுகளை வைத்துக்கொண்டு பல வீட்டாருக்கு வேலை செய்திருக்கும் வாய்ப்பை மறந்துவிடுகிறார்கள்.

ஹெனானின் தென்கோடியில் உள்ள சின்யேயையும் விட்டுவிட மனமில்லை. அது நான்யாங் வட்டாரத்தைச் சேர்ந்தது. நான்யாங், பாறைக்கல்லில் செதுக்கிய புடைப்புச் சிற்பங்களுக்குப் பேர்போனது. ஆனால் அதன் தெற்கே வண்டல் சமவெளியில் பாறைக்கல் கிடைப்பது அரிது. அங்கே அதே வகைக் காட்சிகள் செங்கல்லுக்கு மாறின. ஓடும் தேர்களுக்கிடையே இழுத்துக் கட்டிய கயிற்றின் மேல் கழைக்கூத்தாடிகள் வித்தை காட்டும் சின்யேக் கல், அந்தக் காலத்துக் கேளிக்கைக்குக் கிடைத்திருக்கும் மிகத் துடிப்பான சான்றுகளில் ஒன்று.

நான்ஜிங் முறைதான் இவற்றுள் மிகவும் கடினமானது. 1960-இல் ஷிஷான்சியாவ் என்ற இடத்தில் அகழ்ந்த கல்லறையின் இருபுறச் சுவர்களிலும், ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளமும் 80 செ.மீ. உயரமும் உள்ள படங்கள் இருக்கின்றன. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த, மதுவும் இசையும் உரையாடலுமாகக் கூடியவர்கள் என்று பேர்பெற்ற ‘மூங்கில் தோப்பின் ஏழு அறிஞர்களும்’, அவர்களுடன் கன்பூசியஸ் காலத்தவராகச் சொல்லப்படும் ரோங் சிசி என்ற முதியவரும், சுவருக்கு நால்வராக மரங்களின் அடியில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் யாழ் போன்ற நரம்புக் கருவியை மீட்டுகிறார்; இன்னொருவர் மதுக் கிண்ணத்தைக் கையில் வைத்திருக்கிறார். இங்கே படம் செங்கல்லின் அகன்ற முகத்தில் இல்லை. அடுக்கும்போது வெளியே தெரியும் குறுகிய விளிம்புகளில், மெல்லிய புடைப்புக் கோடுகளாக, துண்டு துண்டாக இருக்கிறது. முழு ஓவியத்தைப் பகுதிகளாகப் பிரித்து அச்சாக்கி, ஒவ்வொரு கல்லின் மறைவான பக்கத்திலும் எந்த உருவம், எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று எழுதிச் சுட்டார்கள். கட்டுபவர் அந்த எழுத்தைப் பார்த்து அடுக்கினால் உருவம் கூடிவரும். நான்ஜிங்குக்கு அருகிலுள்ள தன்யாங்கில் தென் சி அரசகுலத்தாரின் (கி.பி. 479–502) கல்லறைகளிலும் இதே அறிஞர்கள் வருகிறார்கள், ஆனால் அங்கே சிலருடைய பெயர்கள் இடம்மாறி நிற்கின்றன. ஓவியம் புகழ்பெற்ற கையிலிருந்து வந்திருந்தாலும், நிலத்தடியில் கடைசி வேலையைச் செய்தவர் கொத்தனார்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கேள்வி: இந்தக் கற்களில் வண்ணம் பூசினார்களா? படங்களில் எல்லாம் கறுப்பு வெள்ளையாகவே இருக்கின்றனவே?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை மைப்படிகள். கல்வெட்டு அறிஞர்கள் எடுப்பதைப் போலவே, ஈரத்தாளை ஒற்றி மை தட்டி எடுத்தவை. அவை கோட்டைத் தெளிவாகக் காட்டும், நிறத்தை விழுங்கிவிடும். கற்களின் இயல்பான நிறம் சாம்பல். சூளையை அடைத்து மேலிருந்து நீரைக் கசியவிட்டு ஆறவைத்ததால், களிமண்ணில் உள்ள இரும்பு சிவக்காமல் போனது. அந்தச் சாம்பல் பரப்பின் மேல் வண்ணம் பூசும் வழக்கம் பரவலாக இருந்தது. சிச்சுவான் கற்கள் சிலவற்றில் அதன் தடயம் எஞ்சியிருக்கிறது. ஹெனானின் தெங் வட்டாரத்தில் 1950-களின் இறுதியில் வெளிப்பட்ட தென் அரச மரபுகளின் காலத்துக் (கி.பி. 420–589) கல்லறையில், 38 செ.மீ. நீளமும் 19 செ.மீ. அகலமும் கொண்ட கற்களில் வார்த்த புடைப்புருவங்களுக்குப் பல வண்ணங்கள் தீட்டியிருந்தார்கள்.

அச்சே இல்லாமல் தூரிகையை மட்டும் நம்பியது, வடமேற்கே கான்சு மாநிலத்தின் ஹெசி வழித்தடம். ஜியாயுகுவான் அருகே சின்செங்கில் 1972 முதல் அகழ்ந்த வெய்–ஜின் காலக் கல்லறைகளில் (கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டு) அறுநூறுக்கும் மேற்பட்ட செங்கல் ஓவியங்கள் கிடைத்தன. ஒவ்வொரு கல்லுக்கும் வெள்ளை பூசி, கருங்கோட்டில் வரைந்து, சிவப்பு முதலிய நிறங்களை ஏற்றியிருக்கிறார்கள். ஏர் உழுதல், முசுக்கட்டை இலை பறித்தல், பன்றி அறுத்தல், இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடுதல் என்று ஒரு கல்லுக்கு ஒரு செயல். அச்சு செய்ய வேண்டாத தொழிலில் கை எவ்வளவு விரைவாக ஓடும் என்பதை அந்தக் கோடுகளிலேயே காணலாம். அங்கே மட்டும் இந்த மரபு செழித்ததற்கு அரசியல் காரணமும் உண்டு: நடுச் சீனத்தில் வெய் அரசர் சாவோ பி 222-இல் எளிய அடக்கத்தை வலியுறுத்தி ஆணையிட்டார், போர்களும் செல்வத்தைக் கரைத்தன. தொலைவில் இருந்த மேற்கெல்லைக் குடும்பங்கள் ஹான் வழக்கத்தைக் கைவிடவில்லை. ஐந்தாம் எண் கல்லறையில் குதிரையில் விரையும் தூதுவருக்கு வாய் வரையப்படவில்லை. இரகசியம் காப்பதன் அடையாளம் அது என்று சொல்லப்படும் விளக்கம் அழகானது. ஆனால் அவசரத் தூரிகையே காரணம் என்று கொள்வதற்கும் தடையில்லை.

கேள்வி: மூடிவிடப் போகும் அறைக்கு யார் பார்க்க இத்தனை அலங்காரம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதன்மையாக இறந்தவருக்காகத்தான். மறுமையிலும் வயலும் சமையலறையும் ஏவலர்களும் குறையாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இக்காட்சிகளில் வெளிப்படை. இருப்பினும் மூடும் முன் உயிரோடு இருப்பவர்களும் பார்த்தார்கள். ஷான்சி மாநிலம் சுன்யியில் பின்னை ஹான் காலத்து ஓவியக் கல்லறையொன்றின் வாயிலருகே, பார்க்க விரும்புவோர் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும் என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது, குடும்பத்தின் செலவையும் பக்தியையும் ஊரார் மெச்ச வேண்டும் என்ற ஆசையும் அங்கே இருந்தது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: உளியால் செதுக்கிய செங்கற்கள் இல்லையா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உண்டு, ஆனால் பல நூற்றாண்டுகள் கழித்து. சோங், ஜின் அரசுகளின் காலத்தில் (10 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை; இந்த ஜின், மேலே சொன்ன வெய்–ஜின் காலத்து ஜின் அல்ல), ஹெனானிலும், சுன்யி இருக்கும் ஷான்சிக்குக் கிழக்கே உள்ள வேறு மாநிலமான ஷான்ஷியின் தென்பகுதியிலும் சுட்ட கல்லைச் செதுக்கி, மரவீட்டின் தூண், தாங்குகட்டை, கதவு, சாளரம் வரை அப்படியே நிலத்தடியில் அமைத்தார்கள். ஹெனானின் பைஷாவில் 1099-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறையில் கணவனும் மனைவியும் மேசையின் இருபுறமும் அமர்ந்திருக்கிறார்கள். ஷான்ஷியின் ஹௌமாவில் தோங் குடும்பத்தாரின் 1210-ஆம் ஆண்டுக் கல்லறையில் சிறு மேடையொன்றின் மேல் ஐந்து நடிகர்கள் வரிசையாக நிற்கிறார்கள். சீன நாடக வரலாற்றை எழுதுபவர்கள் எவரும் அந்த ஐவரைத் தவிர்ப்பதில்லை.