ஆண்களின் பங்கு குறைந்தால் ஆண்களுக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தமா?

"ஒரு நாட்டின் தொழிலாளர் படையில் ஆண்களின் பங்கு பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறதே, ஆண்கள் பார்த்த வேலை பெண்கள் கைக்குப் போகிறது என்றுதானே பொருள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். கேட்பவர்மேல் தப்பில்லை. அந்த ஒற்றைச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வேலை பார்ப்பவர்கள், வேலை தேடுபவர்கள் இரு தரப்பையும் சேர்த்ததுதான் தொழிலாளர் படை. அதில் 70 ஆண்கள், 30 பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்களின் பங்கு 70 சதவீதம். சில காலம் கழித்து ஆண்கள் 75, பெண்கள் 60 ஆகிறார்கள். மொத்தம் 135. ஆண்களின் பங்கு 56 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் ஆண்கள் எண்ணிக்கையில் ஐந்து பேர் கூடத்தான் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். 1950இல் அங்கே தொழிலாளர் படையில் சுமார் 70 சதவீதம் பேர் ஆண்கள். 2000இல் 53 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே ஐம்பது ஆண்டுகளில் ஆண்களின் எண்ணிக்கையோ 4.4 கோடியிலிருந்து 7.6 கோடியாக ஏறியிருக்கிறது. நாட்டில் இருக்கும் வேலைகள் இத்தனைதான், ஒருவர் வந்தால் இன்னொருவர் எழுந்துபோக வேண்டும் என்ற எண்ணமே தவறு. சம்பாதிப்பவர்கள் கூடினால் செலவு கூடும், செலவு கூடினால் வேலையும் கூடும்.

இந்தப் பங்கு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்குக் கத்தார் நல்ல உதாரணம். அங்கே தொழிலாளர் படையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஆண்கள். உடனே, பெண்கள் வேலைக்கே போகாத நாடு என்று முடிவுகட்டிவிடுவோம். உண்மையில் அங்கே வேலைக்குப் போகும் வயதிலுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் தொழிலாளர் படையில் இருக்கிறார்கள். உலகச் சராசரியைவிட இது அதிகம். கட்டுமானம் போன்ற வேலைகளுக்காக வெளிநாடுகளிலிருந்து லட்சக்கணக்கான ஆண்கள் தனியாக வந்து தங்கியிருப்பதால், நாட்டின் மக்கள்தொகையிலேயே சுமார் முக்கால்வாசி ஆண்கள். ஆகவே பங்கு என்பது வேறு, பங்கேற்பு விகிதம் என்பது வேறு. முதலாவது, தொழிலாளர் படையில் இருப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று சொல்லும். இரண்டாவது, நாட்டிலுள்ள ஆண்களில் எத்தனை பேர் அந்தப் படையில் இருக்கிறார்கள் என்று சொல்லும்.

எனக்கு மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. பழைய காலத்துப் புள்ளிவிவரங்களில் ஆண்களின் பங்கு அவ்வளவு உயரத்தில் தெரிவதற்குக் காரணம், பெண்கள் வேலை பார்க்காதது மட்டுமல்ல. பார்த்த வேலையை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கணக்கெடுப்பவர் வருகிறார், குடும்பத் தலைவர் என்ன தொழில் என்று கேட்கிறார், விவசாயி என்று எழுதுகிறார். அதே வயலில் அதே நேரம் உழைத்த பெண்ணுக்கு நேரே 'மனைவி' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். 2023இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதைத்தான் தோண்டி எடுத்தார். 1890களின் இறுதியில் அமெரிக்காவில் வேலை பார்த்த மணமான பெண்களின் விகிதம், கணக்கெடுப்பில் பதிவானதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று காட்டினார். அப்படியானால் நாம் 'சரிவு' என்று பார்க்கும் கோட்டின் தொடக்கப் புள்ளியே உண்மையைவிட உயரமாகக் குறிக்கப்பட்டது.

இன்றைக்கும் வரையறை மாறினால் எண் மாறும். முந்தைய வாரத்தில் ஒரு மணி நேரமாவது வருமானத்துக்காக வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர் என்பது சர்வதேச விதி. ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்காக மட்டும் பயிர் செய்வதை வேலைவாய்ப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று 2013இல் முடிவாயிற்று. அதைப் பின்பற்றும் நாடுகளில், சொந்தத் தேவைக்கே பயிரிடும் பெண்கள் ஏராளமாகக் கணக்கிலிருந்து வெளியேறுவார்கள். அங்கே ஆண்களின் பங்கு தாளில் ஏறும்.

சட்டமும் கதவை அடைத்து வைத்திருந்தது. அயர்லாந்தில் அரசுப் பணியிலிருந்த பெண் திருமணம் ஆனதும் வேலையை விட்டாக வேண்டும்; 1973 வரை இதுதான் நிலை. மாறாக, ஸ்வீடன் 1971இல் கணவன் மனைவிக்குத் தனித்தனி வருமான வரி என்று மாற்றியது. 1974இல் பெற்றோர் இருவருக்கும் பொதுவான குழந்தை வளர்ப்பு விடுப்பைக் கொண்டுவந்தது. சோவியத் ஒன்றியத்தில் 1970லேயே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் பெண்கள். இப்படி நாட்டுக்கு நாடு பாதை வேறு.

சரி, ஆண்களுக்குப் பிரச்சினையே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் பெரிய பிரச்சினை. அதை இந்தப் பங்கு காட்டாது என்பதுதான் என் கவலை. அமெரிக்காவில் 25 முதல் 54 வயது வரையுள்ள ஆண்களில் 1950களில் 97 சதவீதம் பேர் தொழிலாளர் படையில் இருந்தார்கள். இப்போது சுமார் 89 சதவீதம். படிப்பு, ஓய்வு என்று காரணம் சொல்ல முடியாத வயது அது. தொழிற்சாலை வேலைகள் அருகியது, உடல்நலக் குறைவு, சிறை சென்று வந்தவர்களை யாரும் வேலைக்கு எடுக்காதது என்று பல காரணங்கள் உண்டு. பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்குத்தான் அடி அதிகம். 2000க்குப் பிறகு ஆண்களின் பங்கேற்பும் இறங்கியது, பெண்களின் பங்கேற்பும் இறங்கியது. இரண்டும் சேர்ந்து இறங்கியதால் ஆண்களின் பங்கு 53 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. வேலை தேடுவதையே கைவிட்ட லட்சக்கணக்கான ஆண்கள் அந்த அசையாத கோட்டில் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

நீங்களே தேடிப் பார்ப்பதானால், உலக வங்கியின் தளத்தில் பெண்களின் பங்குதான் கிடைக்கும், 100இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கூடவே இரு பாலருக்குமான பங்கேற்பு விகிதத்தையும், முடிந்தால் வயதுவாரியாக, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தளத்தின் புள்ளிவிவர வரிசை 1990இல்தான் தொடங்குகிறது; வேலைவாய்ப்பு ஆய்வு நடக்காத ஆண்டுகளுக்குக் கணித முறையில் மதிப்பிட்டு நிரப்பியிருப்பார்கள். ஆகவே ஏதாவது ஒரு நாட்டின் கோடு மேடுபள்ளமே இல்லாமல் வழவழவென்று போனால், அந்த நாட்டில் எந்தெந்த ஆண்டு நேரடியாக ஆய்வு நடந்தது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.