48 வயதில் நடக்க ஆரம்பித்தால் இதயம் கேட்குமா?

கேள்வி: எனக்கு 48 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க நாற்காலிதான். சம்பளம் 19,000 ரூபாய், இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டும் பிடிக்கிறார்கள். அண்ணனுக்கு 57 வயது. இதயச் செயலிழப்பால் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார். எனக்கும் அப்படி வருமோ என்று பயம். இனி உடற்பயிற்சி செய்து பயன் உண்டா? உழைக்க முடியாமல் போனால் ஏதாவது பணம் வருமா?

பதில்: பயன் உண்டு. அதுவும் உங்கள் வயதில்தான் நன்றாக உண்டு.

இதயம் வலுவாகச் சுருங்கினால் மட்டும் போதாது. துடிப்புக்கு இடையே தளர்ந்து விரிந்து ரத்தத்தை உள்வாங்கவும் வேண்டும். ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் இடது கீழறை மெல்ல இறுகுகிறது. உள்ளே வர வேண்டிய ரத்தம் பின்னால் தேங்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். ‘எக்கோவில் பம்பிங் நார்மல் என்றார்களே, அப்புறம் ஏன் இப்படி?’ என்று கேட்பவர்களில் பலருக்குச் சிக்கல் இதுதான். இதுவும் ஒருவகை இதயச் செயலிழப்புதான்.

இறுகியதை இளக்க முடியுமா? அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 45 முதல் 64 வயது வரை உள்ள, பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களை வைத்து 2 ஆண்டுகள் சோதித்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. வாரம் 4, 5 நாள் இதயத் துடிப்பைக் கூட்டும் பயிற்சி செய்தவர்களின் இதய இறுக்கம் நன்றாகவே குறைந்தது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 18 சதவீதம் கூடியது. யோகா, சமநிலைப் பயிற்சி, எடைப் பயிற்சி மட்டும் செய்த குழுவில் அந்த மாற்றம் இல்லை. (யோகாவைக் கைவிட வேண்டாம். அதோடு நடக்கவும் வேண்டும்.) அதற்கு முன்பு 65 வயது தாண்டியவர்களுக்கு ஓராண்டு பயிற்சி கொடுத்தபோது இறுக்கம் அவ்வளவாகக் குறையவில்லை. ‘ரிட்டயர் ஆன பிறகு பார்த்துக்கொள்கிறேன்’ என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பதறுவது இதனால்தான்.

ஆனால் நாளைக்கே ஓடாதீர்கள். சில இதயத்தசை நோய்கள் குடும்பத்தில் தொடரும். அண்ணனுக்கு எதனால் வந்தது என்று கேட்டறிந்து, பிரஷர், சுகர், கொழுப்பு, இ.சி.ஜி., எக்கோ பார்த்துவிடுங்கள். சரி என்றால் தினமும் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 150 நிமிட வேக நடைக்கு வாருங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். உடல் பழகிய பின், மருத்துவர் சம்மதித்தால், வாரம் ஒருநாள் இன்னும் வேகமாக. நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள்.

பணத்துக்கு வருகிறேன். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். 2 ஆண்டுகள் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தாவும் சரியாகக் கட்டியிருந்தால், இதயச் செயலிழப்பு போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், 2 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக உழைக்க முடியாமல் போனால் பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் இயலாமை ஓய்வூதியம் உண்டு. அதற்கு ஒரு மாதச் சந்தா இருந்தாலே போதும். தொகை சிறியதுதான். இதய நோயை மட்டும் வைத்து மாற்றுத்திறனாளி சான்று கிடைக்காது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் அது இல்லை.

இந்த உதவிகளுக்கெல்லாம் மருத்துவச் சான்றுதான் அடிப்படை. அதனால் உடம்பு முடியவில்லை என்று யாரும் அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக்கொடுக்க வேண்டாம், முதலில் இ.எஸ்.ஐ. மருத்துவரைப் பாருங்கள். உங்கள் அண்ணன் வேலையில் இருந்தபோதே நோய் வந்ததா, அப்போது சந்தா கட்டியிருந்தார்களா என்று விசாரியுங்கள். அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு நகல் எடுங்கள்: ஒன்று அவருக்காக இ.எஸ்.ஐ., பி.எஃப். அலுவலகங்களில் கேட்க, இன்னொன்று உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் காட்ட.